டிரைவரம்மாவின் வளைகோடு

“இன்னொரு தடவை அழுத்து,” என்றாள் அம்மா. கணினித் திரைக்கு முதுகைக் காட்டியபடி, துவைக்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றிருந்தாள். மகன் கீபோர்டின் நடுவிலிருந்த ஒரு கட்டையை அழுத்தினான்.

“அதே மாதிரிதான் அழுத்தினியா?”

“அதே மாதிரிதான்மா.”

“அப்ப ஏன் கொஞ்சம் கோவமா கேக்குது?”

“எனக்குக் கோவம் வந்துருச்சு. அதான்.”

“அதை ஆபீஸ்ல வச்சுக்கோ. இங்க நீ எடைக்கல்லு. கல்லுக்கு எங்கயாவது கோவம் வருமா?”

மகனுக்கு எடை இயந்திரங்களைச் சோதித்துச் சரிசெய்யும் வேலை. நாள் முழுவதும் துல்லியமான எடைக்கற்களைத் தட்டின்மேல் வைத்து, இயந்திரம் சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்பான். அதனால் வீட்டில் அவனுக்குத் தராசு என்று பெயர். அம்மாவின் சோதனை விரல் என்ற பதவியும் அவனுக்குத்தான். எத்தனை முறை சொன்னாலும் ஒரே அளவில் அழுத்தக்கூடிய விரல் அந்த வீட்டில் அவனிடம் மட்டுமே இருந்தது. அப்பாவின் விரலை அம்மா ஒருமுறை சோதித்துப் பார்த்தாள். “உங்க அப்பா விரல் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஊருக்குப் போகுது,” என்று அன்றே அவரைப் பணிநீக்கம் செய்துவிட்டாள்.

அன்று பேக்கரிக்காரரின் இடது கைக்கு ஏற்றபடி கீபோர்டின் ஒலியைத் திருத்தி முடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாதம் வந்து மீண்டவர் அவர். விரல்கள் நகர்ந்தன, பலம் முழுதாகத் திரும்பவில்லை, அதிலும் வலது கையில் மிகக் குறைவு. தன் மச்சான் நடத்தும் பாட்டுக்குழுவில் நெடுநாளாகக் கீபோர்டு வாசிப்பவர். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒத்திகையில் அவர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, வைத்துக்கொள்வதா வேறு ஆளைப் போடுவதா என்று முடிவு செய்வதாக மச்சான் சொல்லியிருந்தார். இடது கை சரியாகிவிட்டது. வலது கை பாக்கி.

“அது வியாழக்கிழமை,” என்றாள் அம்மா. துவைத்த துணியைக் கூடையில் அள்ளினாள். அதுதான் சேர்ந்து செய்யும் கடைசி வேலை என்று இருவருக்கும் தெரியாததால், கூடையை யார் மாடிக்குத் தூக்கிப் போவது என்று சண்டை போட்டுக்கொண்டே எழுந்தார்கள். மகன் தோற்றான்.

அம்மா நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. டிரைவரம்மா வீடு என்று கேட்டால் கைகாட்டுவார்கள். அவள் வண்டியில் நின்றுகொண்டு வருபவர்கள் கம்பியைப் பிடிப்பதில்லை என்பது டெப்போவில் பிரசித்தம். நின்றபடியே தூங்கிப்போன ஒருவர் இறங்கவேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, கடைசி நிறுத்தத்தில் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார். “பிரேக் போட்டா தூக்கிவாரிப் போடணும்மா. இப்படி தாலாட்டிக்கிட்டே போனா மனுசன் எப்படி இறங்குறது?” தன் வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அந்தத் திட்டுதான் என்று அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அவளுக்கென்று ஒதுக்கிய வண்டி கிடையாது. எது கிடைக்கிறதோ அதுதான். ஆகவே காலையில் வண்டியை எடுத்ததும் நேரே வாசலுக்கு விடமாட்டாள். டெப்போ முற்றத்துக்குள் ஒரு சுற்று வந்து, மிதிகளை அழுத்தி, விட்டு, அழுத்திப் பார்ப்பாள். “ஒண்ணு கால் பட்டாலே பதறும். இன்னொண்ணு, யாரையோ மிதிக்கிறாங்க, நமக்கென்னன்னு பேசாம போய்க்கிட்டே இருக்கும். வண்டி குணம் தெரியாம ஜனங்களை ஏத்தலாமா?” மெக்கானிக்குகள் கைகட்டி நின்று பார்ப்பார்கள். “டாக்டரம்மா நாடி பாத்து முடிச்சாச்சா? நாங்க கேட்டைத் திறக்கலாமா?”

கீபோர்டு மகனுடையது. கல்லூரியில் ஒரு வேகத்தில் வாங்கி, அதே வேகத்தில் விட்டுவிட்டு, பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தான். ஓய்வு பெற்ற புதிதில் பீரோவைத் துடைக்கப் போன அம்மா அதை இழுத்துப் போட்டாள். தானாகச் சத்தம் எழுப்பாத கருவி அது. கணினியில் இணைத்தால், கணினிக்குள் இருக்கும் மென்பொருள் பியானோவாகவோ வயலினாகவோ, உலகத்தில் இல்லாத ஏதோ ஒரு வாத்தியமாகவோ ஒலிக்கும். மகன் இணைத்துக் கொடுத்தான். அம்மா கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“என்னடா இது? மெதுவா தொட்டா ஊமையா கிடக்கு. கொஞ்சம் அழுத்துனா கத்துது. நடுவுல ஒண்ணுமே இல்லையா? இந்த மாதிரி பிரேக்கு இருந்தா நான் வண்டியையே எடுக்க மாட்டேன்.”

மகன் விளக்கினான். ஒரு கட்டை எவ்வளவு வேகமாகக் கீழே போகிறது என்பதைக் கீபோர்டு ஒன்றிலிருந்து நூற்றிருபத்தேழு வரை ஓர் எண்ணாக அனுப்புகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒலியை என்ன செய்வது என்பது மென்பொருளில் இருக்கும் ஒரு கோட்டைப் பொறுத்தது. கோடு நேராக ஏறலாம், வளைந்து ஏறலாம். எப்படி ஏறுகிறதோ அப்படிச் சத்தம். அந்தக் கோட்டைச் சுட்டியால் பிடித்து இழுத்து நாம் விரும்பியபடி வளைக்கலாம். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு அப்பா பலமுறை அவனிடம் சொன்னார். ஏனென்றால் அன்றிலிருந்து அம்மா அந்தக் கோட்டை விடவில்லை.

கற்றுக்கொண்டதெல்லாம் இணையத்தில் கிடைத்த காணொளிகளைப் பார்த்துத்தான். பேசுகிறவர்களின் மொழி அவளுக்குப் பாதி புரியாது. “அவன் வாயைப் பாக்காத. சுட்டி எங்க போகுதுன்னு பாரு, போதும்,” என்பாள். அங்கே அவர்கள் சொல்லும் பெயர்களும் அவளுக்கு ஒட்டவில்லை, சொந்தமாக வைத்துக்கொண்டாள். சத்தத்தின் அளவு, ஆக்ஸிலேட்டர். ஒலி மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக இருப்பதா, பளிச்சென்று இருப்பதா என்பது, ஜன்னல். கட்டையைத் தொட்டதும் ஒலி சட்டென்று பிறப்பதா, நிதானமாகக் கிளம்புவதா என்பது, கிளட்ச். கோடு வழுவழுவென்று ஏறாமல் எங்காவது துள்ளினால் அது பள்ளம். “பல் டாக்டரோட ஜன்னலைக் கொஞ்சம் சாத்துடா, காத்து அடிக்குது,” என்று அவள் உள்ளிருந்து கத்தும்போது, வெளியே உட்கார்ந்திருக்கும் புது ஆள் எழுந்து போய்விடலாமா என்று யோசிப்பதுண்டு.

ஆட்கள் வர ஆரம்பித்தது எப்படி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெருக்கோடியில் இருக்கும் பல் டாக்டர்தான் முதலில் வந்திருக்க வேண்டும். பொழுதுபோக்காக வாசிக்கும் பெண்மணி அவர். அடுத்தவர் வாய்க்குள் விட்டுப் பழகிய கை. கட்டைகளையும் வலிக்குமோ என்று தொடுவார். அம்மா அவருக்காக, தொட்டால் இடி இடிக்கும்படி ஒரு வளைகோடு போட்டுக் கொடுத்தாள். டாக்டர் முதல் தொடலிலேயே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “இது நானா?” “நீங்கதான் டாக்டர். இத்தனை நாளா மயக்க ஊசி போட்டு வச்சிருந்தீங்க.” அவர் மறுநாளே தன் நண்பர்களை அனுப்பினார்.

வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு சிரமம் காத்திருக்கும். அழைப்பு மணியை அம்மா கழற்றச் சொல்லிவிட்டாள். “மணியை யானை அமுக்குனாலும் எறும்பு அமுக்குனாலும் ஒரே டிங்டாங். வந்திருக்கிறது யாருன்னே தெரிய மாட்டேங்குது.” ஆகவே கதவைத் தட்ட வேண்டும். முதல் தட்டலுக்குத் திறக்கமாட்டாள். உள்ளிருந்து தலையைச் சாய்த்துக் கேட்பாள். இரண்டாவது தட்டலுக்குள் அந்த ஆளின் கை எப்படிப்பட்டது என்று ஓர் அபிப்பிராயம் உருவாகியிருக்கும். பல நேரம் அது தப்பாகவும் இருக்கும். கதவை உடைப்பதுபோலத் தட்டிய ஒருவருக்காக முரட்டு வளைகோடு ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கீபோர்டைத் தொட்டபோது பூனை நடப்பதுபோல இருந்தது. “அப்ப கதவு மேல என்ன கோவம் உங்களுக்கு?” என்று அவரையே குற்றவாளி ஆக்கினாள். அப்பாவுக்கு வேறு வழக்கு. “தபால்காரர் மணியைத் தேடிட்டு அப்படியே போயிடறாரு. என் பார்சல் எல்லாம் எந்த வீட்ல இருக்குன்னே தெரியல.”

அம்மாவுக்கும் மகனுக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. மகன் நேர்கோட்டின் கட்சி. எண் இரண்டு மடங்கானால் விளைவும் இரண்டு மடங்காக வேண்டும். அப்படி இல்லாத இயந்திரத்தின் மேல் அவன் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு வருவான்.

“நேர்கோடுதான்மா சரி.”

“யாருக்குச் சரி?”

“கணக்குக்கு.”

“கணக்கா வந்து வாசிக்கப் போகுது?”

எல்லா நாளும் அவளே ஜெயித்துவிடவில்லை. ஒரு கட்டத்தில் ஆசை மீறிப்போய், ஒரே அழுத்தத்துக்குச் சத்தம், ஜன்னல், கிளட்ச், நடுக்கம், எதிரொலி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கட்டிவிட்டாள். கொஞ்சம் அழுத்தினால் ஒலி மலையேறிக் கடலில் குதித்தது. பல் டாக்டர் தலை சுற்றுகிறது என்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். அன்று மகன் சொன்னான்: “மூணுக்கு மேல கட்டாதம்மா. எதை எது அசைக்குதுன்னு வாசிக்கிறவங்களுக்குத் தெரியணும்.” அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி. வண்டிக்கே மூணு மிதிதான்,” என்று இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு யாருக்கும் மூன்றுக்கு மேல் கட்டவில்லை.

ஓட்டல்காரர் விவகாரத்தை அவள் வாயால் கேட்கவேண்டும். ஓட்டல்காரர் என்றால் ஓட்டல் முதலாளி அல்ல. ஒரு பெரிய ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலை வேளைகளில் மூலையில் உட்கார்ந்து வாசிப்பவர். சாப்பிடுகிறவர்களின் பேச்சுக்கு மேலே கேட்கவேண்டும் என்று அடித்து அடித்து இரும்பாகிப்போன கை. அந்தச் சமயம் அம்மா ஒரு பரிசோதனையில் இருந்தாள். கோட்டைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தாள்: மெதுவாகத் தொட்டால் பெரிய சத்தம், ஓங்கி அடித்தால் முணுமுணுப்பு. என்ன ஆகிறது என்று பார்க்க ஆசை, வேறொன்றுமில்லை. ஓட்டல்காரரின் கணினியில் அவருடைய வளைகோட்டை ஏற்றிக் கொடுக்கும்போது, பேச்சு சுவாரசியத்தில், கவிழ்த்து வைத்ததை ஏற்றிவிட்டாள்.

மாலையில் கூடம் நிறைந்தது. பேச்சு ஏறியது. அவர் பலமாக அடித்தார். ஒலி இறங்கியது. இன்னும் பலமாக அடித்தார். இன்னும் இறங்கியது. கடைசியில் தோள்பட்டை வரை தூக்கி அடித்தபோது கொசு பாடுவதுபோல ஒன்று கேட்டது. மேனேஜர் ஓடி வந்து, “உடம்புக்கு முடியலையா சார்?” என்று கேட்டார்.

மறுநாள் காலை கதவு அதிர்ந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, “ஓட்டல்காரர் வந்திருக்காரு. கை நல்லா இருக்கு, கவலையில்ல,” என்றபடி போய்த் திறந்தாள். அவர் திட்டி முடிக்கும் வரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். தப்பு அவளுடையது, மறுக்கவில்லை. முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க என்ன பண்ணாங்க?”

“என்ன பண்ணுவாங்க? என்னமோ ஆச்சுன்னு பேச்சை நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க.”

“அப்ப பாத்திருக்காங்க.”

ஓட்டல்காரர் பையிலிருந்து கணினியை எடுத்து நீட்டினார். பழைய வளைகோட்டை மறுபடி ஏற்றி வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, கவிழ்த்ததை அழித்துவிட வேண்டாம், அதுவும் ஒரு ஓரத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவுக்கும் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. “ஸ்டியரிங் பிடிச்ச கை. அது மொத்தமா திருப்பும், தனித்தனியா தட்டாது.” அவளுக்கு வந்தது ஒரே ஒரு மெட்டு. அதிலும் முன்பாதி மட்டும். காலையில் அவள் அதை வாசிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் மகன் முகச்சவரம் செய்துகொண்டிருப்பான். முன்பாதி முடிந்ததும் அவனே பின்பாதியை விசிலடித்து முடித்து வைப்பான். “நடுரோட்டுல வண்டியை விட்டுட்டுப் போறதே பொழப்பு,” என்று முன்னறையிலிருந்து அப்பா செய்தித்தாளுக்கு உள்ளிருந்து சொல்லுவார்.

அம்மாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று இதய மருத்துவர் சொன்ன பிறகு, அந்த வாசிப்புக்கு ஒரு புது உத்தியோகம் வந்தது. எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் அம்மாவிடமிருந்து ஒரே பதில். “காலைல சத்தம் கேட்டுச்சில்ல? அப்புறம் என்ன கேள்வி?” சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் அதே தெம்போடு, அதே பளிச்சென்று கேட்டது. மகன் அதை ஓர் அளவீடாக எடுத்துக்கொண்டான். காலையில் அந்தப் பாதி மெட்டு சுவரைத் தாண்டி வந்துவிட்டால், நிம்மதியாக வேலைக்குப் போனான்.

வியாழக்கிழமைக்கு முன்பே அம்மா போய்விட்டாள். மதியத் தூக்கத்தில். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் கதவைத் தட்டினார்கள். அவ்வளவு மென்மையாக அந்தக் கதவை அதற்கு முன் யாரும் தட்டியதில்லை. ஓட்டல்காரர்கூட.

சில நாட்கள் கழித்து பேக்கரிக்காரர் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார். உட்கார்ந்ததும், “நான் அதுக்காக வரல,” என்றார். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. 

“ஒத்திகை என்னாச்சு?” என்று அப்பாதான் கேட்டார்.

“வர்ற சனிக்கிழமை. மச்சான் நல்லவன்தான். நான் வாசிக்கலைன்னாலும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவான். ஆனா அவன் ஃப்ரெண்டு ஒருத்தன் ரெடியா இருக்கான். போன வாரம் என் ஸ்டூல்ல உக்காந்து உயரம் சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போனானாம்.” பேக்கரிக்காரர் சிரித்தார். வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார். “இடது கை அக்கா புண்ணியத்துல பேசுது. இதுதான் முனகுது. எப்படி அடிச்சாலும் ஒரே முனகல்.”

“இவன் பண்ணித் தருவான்,” என்றார் அப்பா.

மகன் அவரை முறைத்தான். “எனக்குத் தெரியாதுப்பா. நான் விரல் மட்டும்தான்.”

“அது இருக்குல்ல, அது போதும்.”

பேக்கரிக்காரர் போன பிறகு மகன் பின்னறைக்குப் போய்க் கணினியைத் திறந்தான். அப்பா வாசற்படியில் நின்றார். அம்மா கடைசியாக எதை ஏற்றி வைத்திருந்தாளோ அது அப்படியே வந்து நின்றது. மகன் கீபோர்டின் நடுவில், வழக்கமான அளவில், ஒரு கட்டையை அழுத்தினான்.

அலறியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மகன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

திரையில் கோட்டைப் பார்த்தான். ஆரம்பத்திலேயே சுவர்போல எழும்பி உச்சிக்குப் போயிருந்தது. இறகால் தொட்டால் போதும், நல்ல தெம்பான ஆள் வாசிப்பதுபோலக் கேட்கும். அவன் இறகுபோலத் தொட்டுப் பார்த்தான். காலையில் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்த அதே ஒலி.

எடை இயந்திரத்தைத் திருத்துவது அவன் தொழில். தன்னைத் தானே திருத்திக்கொண்டே போன இயந்திரத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை. விரல் தளரத் தளர, அவள் கோட்டை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். யாருக்கும் தெரியக் கூடாதென்று.

“அப்பா. அம்மா விரல்ல பலமே இல்ல. ரொம்ப நாளா.”

“தெரியும்.”

“எப்படி?”

“டப்பா மூடி எதையும் அவளால திறக்க முடியல. நான்தான் வீட்ல இருக்கிற எல்லா மூடியையும் திருகாம சும்மா வச்சு வச்சேன். அவளுக்கு நான் பண்றது தெரிஞ்சுபோச்சு. சொல்லல.”

“சொல்லலைன்னா, தெரிஞ்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சர்க்கரை டப்பால எறும்பு ஏறுச்சு. உங்க அம்மா என்னைத் திட்டல.”

மகன் அப்பாவைப் பார்த்தான். சிரிப்பு எங்கிருந்தோ வந்தது, அடக்க முடியவில்லை. அப்பாவும் சிரித்தார். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எறும்பைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினார்கள். எத்தனை எறும்பு, எந்தச் சுவர் வழியாக வந்தது, எப்படி அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனாள் என்று அப்பா நடந்தே காட்டினார்.

மறுநாள் மதியம் மகன் பேக்கரிக்குப் போனான். அடுப்பு அணைந்திருந்த நேரம். பின்கட்டில் மாவு மூட்டைகளுக்கு நடுவே, மாவு பிசையும் நீளமான மேசையின் ஒரு முனையில் கீபோர்டு இருந்தது. மேலே வெள்ளைத்துணி போர்த்தியிருந்தது. அம்மாவின் வளைகோட்டைப் பிரதியெடுத்துக் கொண்டுவந்திருந்தான்.

“வலது கையைப் பத்தி அம்மா ஏதாவது சொன்னாங்களா அண்ணா?”

“கவலைப்படாதீங்க, அந்தக் கை எனக்கு நல்லா தெரியும்னாங்க. பாதி முடிச்சிட்டேன், மீதியை முடிச்சுத் தரேன்னாங்க. நான்கூட, எப்ப என் கையைப் பாத்தாங்கன்னு யோசிச்சேன்.”

மகன் மேசையிலிருந்த கணினியைத் திறந்து கீபோர்டோடு இணைத்தான். வளைகோட்டை ஏற்றினான். பேக்கரிக்காரர் வலது கையைக் கட்டைகள் மேல் வைத்தார். பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். முனகல் இல்லை. மெதுவான இடம் மெதுவாக, ஆனால் முழுதாக வந்தது. அவர் நிறுத்திவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார், அடியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்பதுபோல.

“தம்பி, இது நம்ம கைதானா?”

“வாசிங்கண்ணா.”

தொடர்ந்து வாசித்தார். பாட்டு ஏறவேண்டிய இடம் வந்தது. அங்கே தடாலென்று கத்தலுக்குப் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் ஏறவேண்டிய இடத்திலும் அதே கத்தல். அதற்கு மேலும் அதே. பேக்கரிக்காரரின் முகம் விழுந்தது. “ஆரம்பம் அழகா இருக்கு. இங்க வந்ததும் எல்லாம் ஒரே கூச்சலாயிருதே. மச்சான் இந்த இடத்தைத்தான் கேப்பான்.”

மகனுக்குப் புரிந்தது. அம்மாவின் விரலால் அதற்கு மேல் அழுத்த முடிந்திருக்காது. தான் தொட முடிந்த தூரம் வரை ஒவ்வொரு புள்ளியாகச் செதுக்கியிருந்தாள். அதற்கு அப்பால் கோடு உச்சியில் ஏறி அப்படியே படுத்திருந்தது. பேக்கரிக்காரரின் கை தளர்ந்திருந்தாலும் மாவு பிசைந்த கை. அவள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலேயும் அதனால் போக முடிந்தது. அந்தக் கொஞ்சம்தான் முடிக்காமல் விட்ட மீதி.

மகன் சுட்டியைப் பிடித்தான். எந்த இடத்தில் எவ்வளவு வளைப்பது? எண்களைத் திரையில் வரவழைத்தான்.

“பலமா ஒரு தடவை அழுத்துங்க.”

முப்பத்தாறு.

“இப்ப பாதி பலம்.”

முப்பத்தெட்டு.

“இது பாதியா?”

“பாதிதான் தம்பி. சத்தியமா.”

மறுபடி முழுப் பலம் என்றான். முப்பத்தேழு. பேக்கரிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாதி என்றபோது புடைக்கவில்லை. எண் மட்டும் அங்கேயே நின்றது.

“மிஷின் தப்பா சொல்லுதோ?” என்று பேக்கரிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“இல்லண்ணா. மிஷின் சரியாத்தான் சொல்லுது.”

அந்தக் கை எவ்வளவு அழுத்த நினைக்கிறது என்பது தோலில் உணர்ந்தால்தான் தெரியும். மகன் கணினியை ஓரமாகத் தள்ளினான். சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான். மாவு படிந்த மேசையின் குறுக்கே தன் முன்கையை, உள்பக்கம் மேலே தெரியும்படி நீட்டி வைத்தான்.

“அந்த ஏறுற இடத்தை இது மேல வாசிங்க.”

பேக்கரிக்காரர் அவனைப் பார்த்தார். விரல்களை ஏப்ரனில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் மணிக்கட்டிலிருந்து தொடங்கினார்.